பெண் நாயகியாக வரும் பழைய குங்ஃபூ படம் எது?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
சிலம்பம் பயிலும் என் 13 வயது மகள், பெண்ணே நாயகியாக வரும் பழைய குங்ஃபூ படம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறாள். எதைக் காட்டலாம்?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்):
ஐயா, கிங் ஹூ இயக்கி 1966-இல் வெளிவந்த ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தைக் காட்டுங்கள். கொள்ளையர் பிடித்துச் சென்ற உடன்பிறந்தவனை மீட்க, ஆண் உடையில் வரும் ‘பொன் தகைவிலான்’ என்னும் வீராங்கனையாகச் செங் பெய்-பெய் நடித்திருக்கிறார். விடுதிக் காட்சியில் எதிரிகள் மேசையைச் சூழ்ந்துகொள்ளும்போதும் பதறாமல் அவர் அமர்ந்திருக்கும் அந்த நிதானத்தை, அடிமுறையைவிட முக்கியமான பாடமாகவே நான் கருதுகிறேன். அவர் பாலே நடனம் கற்றவர்; திரும்பும் ஒவ்வொரு அடியிலும் அது தெரியும். ரத்தக் காட்சிகள் உண்டு, உடனிருந்து பாருங்கள்.

பதில் (லாஸ்பேட்டை):
நல்ல படம்தான், ஆனால் பிற்பகுதியில் குடிகார வீரனே கதையைக் கைப்பற்றிக்கொள்வது எனக்கு இன்றும் வருத்தமே. அதே இயக்குநரின் ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தில் நடிகை சூ ஃபெங் மூங்கில் காட்டில் போரிடும் காட்சியையும் அவள் பார்க்கட்டும். 1975-இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற அப்படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஞாயிறன்று விடுதிக் காட்சியிலிருந்து தொடங்குகிறோம்.