புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் தம்பியின் வேலை விவகாரம்

எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு இங்கே ஒரு பட்டறையில் சேர்ந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சம்பள சிலிப்பும் இல்லை, இ.பி.எஃப்.பும் (ஊழியர் சேமநிதி) கட்டவில்லை, "நீ பழகுற பையன்தானே" என்று முதலாளி சொல்கிறார் என முன்பு எழுதியிருந்தேன், பலர் என்ன ஆனது என்று கேட்டதால் இது.

தம்பி தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டான். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. வேலைக்கு வந்த நாள், போன நேரம் எல்லாம் அவன் கைப்பேசியில் குறித்து வைத்திருந்ததும், முதலாளியின் வாட்ஸ்அப் செய்திகளும்தான் பெரிய பலம். விசாரணைக்குத் தேதி வருவதற்குள்ளேயே பாக்கிச் சம்பளம் வந்துவிட்டது, இ.பி.எஃப். பாக்கிக்கு இ.பி.எஃப். அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறான்.

தோட்டத்துப் பிள்ளைகள் இதை மட்டுமாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து, ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் செய்தால் சாதாரண நாளில் ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். சம்பளம் 5,000 ரிங்கிட் வரை என்றால் முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

சரி, அடுத்து என்ன? "அண்ணே, எனக்கு சான்றிதழோட தொழில் கத்துக்கணும்" என்றான். எஸ்.எல்.டி.என். என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதி வேலையிடத்திலேயே பயிற்சி, முடித்தால் எஸ்.கே.எம். (மலேசியத் திறன்) சான்றிதழ். அதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.