ஊரணிக்கரை வீடு, அம்மாவோட குடி வரலாமா? அங்க இருக்கிறவங்க சொல்லுங்க

கேட்டவர்: ஊர்திரும்பி
சென்னைல 18 வருஷம் ஓட்டியாச்சு, இப்ப அம்மாவ கூட்டிட்டு தேவகோட்டைக்கே வந்துடலாம்னு இருக்கேன். சிலம்பணி ஊரணி, அதான் அந்த ஊர்க் குளம், அது பக்கம் ஒரு பழைய வீடு வாடகைக்கு வருதாம். எனக்கு ஊரணிக்கரைன்னா ரொம்ப ஆசை, ஆனா அம்மாவுக்கு மூட்டு வலி, கொசு வேற பயமா இருக்கு. கரைல குடியிருக்கிறது எப்படி இருக்கும்?

பதில்: காரைக்குடி ஆச்சி
தம்பி, நான் 40 வருஷமா ஊரணிக்கரைலதான் இருக்கேன். விடிஞ்சா பிள்ளையார் கோவில் மணி, பொழுது சாஞ்சா படில பத்து பேர் பேச்சு, தனியா இருக்கோம்னே தோணாது. ஊரணில தண்ணி நின்னா பங்குனிலயும் எங்க கிணறு வத்தாது. படியெல்லாம் செம்புறாங்கல்லு, குடம் வச்சு வச்சு மூணாம் படில குழி விழுந்துருக்கு, மழை பெஞ்சா அதுல தண்ணி நிக்கும், குருவி வந்து குடிக்கும். எங்க அப்பத்தா காலத்துல குடிதண்ணி ஊரணில கால நனைக்க விடமாட்டாக, குளிக்கத் துவைக்க வேற ஊரணி.

பதில்: வரத்துக்கால்
ஆச்சி சொல்றது சரி, ஆனா ஊரணியப் பாக்குறதுக்கு முன்னாடி அதுக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால பாருங்க. நம்ம பக்கம் வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது, அதனாலதான் ஓட்டுக்கூரைத் தண்ணி வளவுக்குள்ள, அதாவது வீட்டு நடு முற்றத்துல விழுந்து, அண்டால பிடிச்சது போக மிச்சம் தெரு வாய்க்கால் வழியா ஊரணிக்குப் போற மாதிரி வாட்டம் வச்சுக் கட்டினாங்க. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களச் சேத்ததுலருந்து வர்றவங்கெல்லாம் தேக்குத் தூணையும் ஆத்தங்குடி தரைக் கல்லையும்தான் போட்டோ எடுக்குறாங்க, என்னைக் கேட்டா அந்த வாட்டம்தான் பெரிய வேலை. எங்க தெருவுல ஒருத்தர் கார் ஏத்த சரிவு போட்டு வாய்க்கால அடைச்சுட்டார், ரெண்டு வருஷம் ஊரணி பாதிகூட நெறையல, தெருவுல மட்டும் முழங்கால் தண்ணி. அப்புறம் தெருக்காரங்க உக்காந்து பேசி அடில குழாய் பதிச்சோம். ஐப்பசில ஒரு நல்ல மழைல போய் நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

பதில்: கோட்டையூரான்
கொசுவுக்கு ஒரே வழி, சாயங்காலம் ஆறரைக்குப் போய் அந்தத் திண்ணைல ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மூடியிருந்தா வேண்டவே வேண்டாம். மீன் துள்ளுற தண்ணின்னா கொசுப்புழுவ அதுவே தின்னுரும். இன்னொண்ணு, பழைய வீட்டுல முகப்புப் படி உயரம், கைப்பிடி இருக்காது, அம்மாவுக்காக ஒரு பைப்பு வச்சுக்க ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க.

ஊர்திரும்பி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆச்சி, குழி விழுந்த படியப் பத்தி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், பித்தளைக் குடத்த இடுப்புல வச்சு தண்ணி எடுத்தவங்க, இன்னொரு தடவை படின்னாங்க. வாசல்ல வாய்க்கால் தொறந்து இருக்கான்னு ஓனர்கிட்ட இன்னைக்கே போன்ல கேக்குறேன், ஐப்பசில மழை பிடிச்சதும் ரெண்டு பேரும் பஸ் ஏறிடுவோம்.