முயல், பறவை வைத்தியம் எங்கே கற்கலாம்?

வணக்கம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சி ஆண்டில் இருக்கிறேன். மாடு, ஆடு, நாய் என்றால் கை நடுங்காது.

போன வாரம் ஓர் அம்மா துணிப்பையில் முயல் கொண்டுவந்தார். இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. பல் வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. (முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும்.) நாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முயலுக்கு வாய்வழியே கொடுத்தால் குடல் கெட்டு உயிருக்கே ஆபத்து. மூத்த மருத்துவர் ஒருவர் பல்லைச் சீர்செய்ததால் பிழைத்தது. அன்றிலிருந்து இதையே கற்க வேண்டும் என்றிருக்கிறது.

சென்னை, கோவை, பெங்களூரில் முயல், காக்கட்டீல் கிளி, இகுவானா என்ற பெரிய பல்லி போன்றவற்றைப் பார்க்கும் மருத்துவர்கள் யாராவது ஆறு மாதம் உடன் வைத்துக் கற்றுத் தருவார்களா? சம்பளம் குறைவானாலும் சரி. அப்புறம், இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.