மேக்ஸென்ட் வரைபடத்தில் கரை முழுக்கச் சிவப்பு: கடற்புல் மாதிரிக்கு உதவி தேவை

கேள்வி: தொண்டி முதல் மண்டபம் வரை சைமோடோசியா செருலேட்டா என்ற கடற்புல் எங்கெல்லாம் வளரும் என்று மேக்ஸென்டில் (ஓர் இனம் வாழ ஏற்ற இடங்களைக் கணிக்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன். புல்லைக் கண்ட இடங்களாக 62 பதிவுகள். மாறிகள்: பயோ-ஆரக்கிள் (கடல்சூழல் தரவு அடுக்குகளின் தொகுப்பு) முதல் பதிப்பின் வெப்பநிலை, உப்புத்தன்மை, பச்சையம். ஒப்பிடுவதற்கான பின்னணிப் புள்ளிகள் 10,000, வங்காள விரிகுடா முழுக்க. ஏயூசி (மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதன் மதிப்பெண், உச்சம் 1) 0.97. ஆனால் முகத்துவாரச் சேறுகூடச் சிவப்பாக, அதாவது புல்லுக்கு ஏற்ற இடமாக வருகிறது. ரெகுலரைசேஷனை (மாதிரி தரவோடு அளவுக்கு மீறி ஒட்டாமல் தடுக்கும் அமைப்பு) ஏற்றலாமா?

பதில்: அதை இப்போது தொடாதீர்கள். நடுக்கடலிலும் புள்ளி தூவியிருக்கிறீர்கள். ஆழ்கடலையும் கரையையும் பிரித்ததற்கே அந்த 0.97. பின்னணியை 10 மீட்டர் ஆழத்துக்குள், கணக்கெடுப்புப் படகு போன பகுதிக்குள் அடக்குங்கள். ஏயூசி இறங்கும், இறங்கட்டும்.

இன்னொன்று, அந்த அடுக்குகளின் கட்டம் சுமார் 9 கி.மீ. ஒரே கட்டத்தில் விழும் பதிவுகளை மேக்ஸென்ட் தானாகவே ஒன்றாக்கிவிடும். கரையை ஒட்டியவை தரவில்லாக் கட்டத்தில் விழுந்து கழியும். மிச்சம் எத்தனை?

கேள்வி கேட்டவர்: 11 தான்! அப்படியானால் எந்த மாறிகளை வைப்பது?

வேறொருவர் பதில்: வெப்பநிலை இவ்வளவு சிறிய பகுதியில் பெரிதாக மாறாது. புல்லைத் தீர்மானிப்பது அடித்தரைக்கு எட்டும் வெளிச்சம். செச்சி தட்டை (நீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்கும் வட்டத் தட்டு) இறக்கி, மறையும் ஆழத்தால் 1.7-ஐ வகுத்தால் ஒளி மங்கும் கெழு (ஆழம் போகப் போக ஒளி குறையும் வேகம்) கிடைக்கும். தட்டு 4 மீட்டரில் மறைந்தால் 0.43, 5 மீட்டர் அடியில் மேற்பரப்பு ஒளியில் 12 சதவீதம் இருக்கும். வாடைக்காற்று அடித்து நீர் கலங்கி 1.5 மீட்டரிலேயே மறைந்தால் அரை சதவீதம்கூட எட்டாது. கடற்புல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் குறைந்த அளவு 11 சதவீதம், இனத்துக்கு இனம் மாறும். ஆகவே ஆண்டுச் சராசரி உதவாது, வாடைக்காலத்துக்குத் தனி அடுக்கு போடுங்கள்.

செயற்கைக்கோள் பச்சையத்தைத் தூக்கிவிடுங்கள். ஆழமில்லாத தெளிந்த நீரில் அது அடியில் கிடக்கும் புல்லையே பச்சையமாகப் படிக்கும். விடையைக் கேள்வித்தாளிலேயே எழுதிவைத்த மாதிரி. ஆழத்துக்கு ஜெப்கோ என்ற உலகக் கடலாழ வரைபடம் (சுமார் 450 மீட்டர் கட்டம்) தொடக்கத்துக்குப் போதும், ஆனால் 5 மீட்டருக்குள் நம்ப முடியாது. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி அளந்து திருத்துங்கள், ஓத ஏற்றவற்றத்தைக் கழிக்க மறக்காமல்.

சோதனைக்குப் புள்ளிகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரு பக்கமும் போய்விடும். தொண்டிப் பக்கம் பயிற்றுவித்து மண்டபத்தில் சோதியுங்கள். ஆர் நிரல்மொழியில் பிளாக்சிவி என்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது.

முதலில் பதிலளித்தவர்: சரியான வழி. இதே மாதிரியைத் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) நீட்டிவிடாதீர்கள். அங்கே நீர் கலங்குவது கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில். போதிய வெளிச்சம் இருந்தும் புல் இல்லாத இடம் வந்தால், மாதிரியைச் சந்தேகிக்கும் முன் அங்கே இழுவலை ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.