ஒரியொப்தா: கொரிய மொழியில் "கஷ்டம்" சொல்லக் கற்றுக்கொண்டது எப்படி?

சுவோனிலிருந்து ஓர் உறுப்பினர்:

"ஹான்குகொ ஒரியொவொயோ?" கொரிய மொழி கஷ்டமாக இருக்கிறதா? கொரியாவில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. காய்கறிக் கடையில் கேட்பார்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி கேட்பார், பிள்ளையைப் பள்ளியில் விடப் போனால் ஆசிரியை கேட்பார். பதிலும் அதே சொல்தான்: "நே, ஒரியொவொயோ." குரலை ஏற்றினால் கேள்வி, இறக்கினால் பதில்.

இந்தச் சொல்லை எங்கே கேட்டீர்கள், எப்படிப் பிடித்துக்கொண்டீர்கள் என்று எல்லாரும் எழுதுங்கள். இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு உதவும். நான் தொடங்கி வைக்கிறேன்.

அகராதியில் தேடினால் கிடைக்கும் வடிவம் "ஒரியொப்தா". தமிழில் "ஒ" போட்டு எழுதுகிறேனே தவிர உதட்டைக் குவிக்கக் கூடாது. "அ"வுக்கும் "ஒ"வுக்கும் இடைப்பட்ட ஒலி அது. கடைசித் "தா"வை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வடிவத்தை அடுத்தவரிடம் பேசும்போது அதிகம் கேட்க முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி "ஆ, ஒரியொப்தா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அம்மா எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டால் "ஒரியொவொ" என்பான். அதே நான் கேட்டால் "ஒரியொவொயோ". மரியாதைக்காக ஒரு "யோ" சேர்ந்துவிடும். ஒரே சொல்லின் மூன்று வடிவங்களும் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிட்டன.

நான் படிப்பது நீதி அமைச்சகம் வெளிநாட்டவருக்காக நடத்தும் சமூக ஒருங்கிணைப்பு வகுப்பில். 0 முதல் 5 வரை நிலைகள் உண்டு. அதில் 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் 100 மணி நேரம். எங்கள் ஆசிரியை இந்தச் சொல்லைத் தனியாக நடத்தவில்லை. பலகையில் வரிசையாக எழுதினார். குளிர்கிறது: சுப்தா, சுவொயோ. காரமாக இருக்கிறது: மெப்தா, மெவொயோ. எளிது: ஷ்விப்தா, ஷ்விவொயோ. கஷ்டம்: ஒரியொப்தா, ஒரியொவொயோ. "ப்" போய் "வொ" வருகிறது, அவ்வளவுதான். கடைசியாக ஒன்று எழுதினார்: கோமாப்தா, கோமாவொயோ. வகுப்பே "ஓ" என்றது. கொரியத் தொடர் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நன்றிச் சொல் ஆயிற்றே! இலக்கணம் என்று தெரியாமலே முதல் நாளிலிருந்து அந்த மாற்றத்தைத்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்க்காரர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. "கோபம்" பேச்சில் "கோவம்" ஆகிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொரியாவிலும் அதே கதைதான். சேஜோங் மன்னர் 1446-இல் எழுத்துகளை வெளியிட்டபோது "ப"வை மெல்லச் சொல்வதற்கென்று ஓர் எழுத்து இருந்தது. பிறகு அந்த ஒலி தேய்ந்து "வ" ஆனது, எழுத்தும் வழக்கொழிந்தது. பூசான் பக்கத்து முதியவர்கள் குளிர் என்பதற்கு இன்றும் "சுவொ" என்று சொல்லாமல் "சுபொ" என்பார்கள். அங்கே போனால் காது கொடுத்துக் கேளுங்கள்.

சரி, எல்லா "ப்"பும் இப்படி மாறுமா? மாறாது. ஆடை உடுத்துவதற்கான "இப்தா", "இபொயோ" என்றுதான் ஆகும். குறுகலானது என்னும் "ஜோப்தா", "ஜோபாயோ" ஆகும். இவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

எனக்கு இந்தச் சொல் உண்மையில் கைவந்தது வேறொரு இடத்தில். கொரிய மொழியில் பண்பைச் சொல்லும் சொல்லே வினைபோல் காலம் காட்டும். என் வகுப்பில் ஆங்கிலம் வழியாகப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்கோ "இனிக்கிறது, இனித்தது, இனிக்கிற பழம்" என்று ஏற்கெனவே இருக்கிறது. புளிக்கிறது, கசக்கிறது, வலிக்கிறது எல்லாம் அந்த ரகம்தான். ஒரியொவொயோ, ஒரியொவொஸ்ஸொயோ, ஒரியொவுன் ஷிஹொம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கஷ்டமாக இருக்கிறது, கஷ்டமாக இருந்தது, கஷ்டமான தேர்வு. "கஷ்டம்" என்று ஒரு பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு "இரு" என்பதற்கு இணையாக எதையோ தேடாமல், "இனிக்கிறது" பக்கத்தில் இதை உட்கார வைத்தால் குழப்பமே வராது. தமிழ் தெரிந்தவர்கள் தமிழ் வழியாகவே கொரியன் படியுங்கள் என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

உச்சரிப்பில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். "அடடே, கஷ்டமாத்தான் இருக்கு" என்பதற்கு எழுத்தில் "ஒரியொப்-நேயோ". வாயில் வருவது "ஒரியொம்னேயோ". கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதுபோல, பின்னால் வரும் மூக்கொலி முன்னால் உள்ளதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்புறம் செய்தியிலும் அலுவலகத்திலும் கேட்கும் "ஒரியொப்ஸும்னிதா". அந்த "ஸு"வில் வரும் உகரம் நம் குற்றியலுகரம். "காசு", "பேச்சு" என்பவற்றின் கடைசி உகரத்தை எப்படி உதடு குவியாமல் சொல்கிறோமோ அப்படியே சொன்னால் போதும்.

ஆன்சானிலிருந்து ஓர் உறுப்பினர்:

வணக்கம் அக்கா. எனக்குச் சொந்த இடம் மட்டக்களப்பு. வேலை அனுமதித் திட்டத்தில் வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் அச்சு வார்ப்பு இயந்திரத்தில் நிற்கிறேன். எங்களுக்கு வைக்கிற கொரியச் சோதனையில் கேட்டலும் வாசித்தலும்தான். ஒரியொப்தாவும் ஷ்விப்தாவும் எதிர்ச்சொற்களாகப் பாடப் புத்தகத்தில் சோடியாக வரும். அதைப் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தேன். இங்கே வேலைத்தளத்தில் அந்தச் சொல்லை விட நூறு மடங்கு கூடுதலாகக் காதில் விழுந்தது "ஹிம்துரொயோ".

இரண்டுக்கும் தமிழில் நாங்கள் கஷ்டம் என்றுதான் சொல்லுவோம். கொரியர்கள் அப்படிக் கதைக்கிறதில்லை. "ஹிம்" என்றால் பலம். பலம் போகிறது, உடம்பும் மனமும் களைக்கிறது என்றால் ஹிம்துரொயோ. மூளைக்கு விளங்கக் கடினம் என்றால் ஒரியொவொயோ. இரவு வேலையில் அச்சைக் கழற்றி மாற்றுவது ஹிம்துரொயோ. அதே அச்சின் வரைபடத்தைப் பார்த்து அளவு எடுப்பது ஒரியொவொயோ. எங்கள் மேற்பார்வையாளர், "பான்ஜாங்நிம்" என்று கூப்பிடுவோம், மேலதிக நேரம் முடிகிற நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்து "ஹிம்துல்ஜி?" என்று கேட்பார். களைப்பாக இருக்குமே என்கிற அர்த்தம். அந்த இடத்தில் ஒரியொப்தாவைக் கொண்டுவந்தால், வேலை விளங்கவில்லையோ என்று நினைத்துத் திரும்பக் காட்டித்தர ஆரம்பிப்பார்.

புதிதாக வருகிற தம்பிமாருக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பில் ஓர் இடம் நோகிறது என்றால் இந்த இரண்டு சொல்லும் சரிவராது. "ஆபாயோ" என்று சொல்லி இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஹிம்துரொயோ என்றால் களைப்பு என்றுதான் எடுப்பார்கள், கொஞ்சம் இருந்து ஆறச் சொல்லுவார்கள். முதுகில் பிடித்துக்கொண்டவனுக்கு அது காணாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைச் சோதனைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போடலாம் என்பது என் எண்ணம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் கொரியாவுக்குப் போனதில்லை. இங்கே வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கொரிய மேலாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு வேலை. ஹியுண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, அதைச் சுற்றி வந்த கொரிய நிறுவனங்களால் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கிடைக்கிறது.

எங்கள் உலகத்தில் இந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் "முடியாது". ஒரு தடவை பொருள் அனுப்பும் தேதியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று நம் பொறியாளர் ஒருவர் கேட்டார். மேலாளர் கொஞ்ச நேரம் நாட்காட்டியைப் பார்த்தார். பற்களுக்கு நடுவே காற்றை உள்ளிழுத்து "ஸ்ஸ்" என்றார். பிறகு, "ஜோம் ஒரியொவுல் கொத் காதாயோ." சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது" என்று வரும். அப்படியே சொன்னால் நம் ஆள் "கஷ்டப்பட்டாவது செய்துகொடுப்பார்" என்று நம்பிக்கையோடு எழுந்து போய்விடுவார். அதனால் நான் "தள்ளிவைக்க வழியில்லையாம்" என்றே சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரிலும் இதுதானே வழக்கம்? கடன் கேட்டு வந்தவரிடம் "இப்ப கொஞ்சம் கஷ்டம்ங்க" என்றால் இல்லை என்றுதானே பொருள். வந்தவருக்கும் அது புரியும். வேற்று மொழியில் கேட்கும்போதுதான் நம் காது அகராதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கொரியச் செய்திகளில் அதிகாரிகள் "மால்ஸும்துரிகி ஒரியொப்ஸும்னிதா" என்பதைக் கவனித்திருப்பீர்கள். சொல்வதற்குக் கடினம், அதாவது சொல்ல மாட்டேன். வினையோடு "கி" சேர்த்து ஒரியொப்தா போட்டால் "செய்யக் கடினம்" என்று ஆகும். இந்த அமைப்பை ஆரம்பத்திலேயே பழகிக்கொண்டால் அலுவலகக் கொரியனில் பாதி மறுப்புகள் விளங்கிவிடும்.

தேஜொனிலிருந்து ஓர் உறுப்பினர்:

சின்னதாக இரண்டு விஷயம். "ஒரியொயோ" என்றால் வயதில் சிறியவர் என்று அர்த்தம். நடுவில் ஒரு "வொ" சேர்ந்தால் ஒரியொவொயோ, கஷ்டம். வேகமாகப் பேசும்போது அந்த "வொ" நழுவிவிடும், அதனால் உதட்டை ஒருமுறை கூட்டிப் பிரியுங்கள்.

இன்னொன்று எங்கள் ஆய்வகத்தில் கேட்டது. பேராசிரியர் உள்ளே வந்தாலே எழுந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, தலை குனிந்தே இருக்கும் ஒரு மாணவரைப் பற்றி மூத்தவர் ஒருவர் சொன்னார்: "கியோசுநிமுல் ஒரியொவொஹேயோ." பேராசிரியரின் பாடம் கஷ்டம் என்று அவர் சொல்லவில்லை. பேராசிரியர் முன்னால் இவருக்கு ஒரு தயக்கம், மரியாதை கலந்த கூச்சம். அப்பாவின் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்காராத தலைமுறையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பயம் என்று மொழிபெயர்த்தால் தவறு, பயத்துக்கு வேறு சொல் இருக்கிறது.

மீண்டும் சுவோனிலிருந்து:

தம்பி எழுதிய "ஆபாயோ" விஷயத்தை எங்கள் வகுப்பிலும் சொன்னேன். ஆசிரியை அதைப் பலகையில் எழுதிப் போட்டார். மிக்க நன்றி.

நான் விட்டுப்போன இன்னொரு பொருள் உண்டு. டிசம்பரில் சியோல் பக்கம் வந்தால் ரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்காரர்கள் ஏழைகளுக்காகக் காசு திரட்டச் சிவப்புச் சட்டியைத் தொங்கவிட்டு மணி அடித்துக்கொண்டிருப்பார்கள். கொரியாவில் 1928-இலிருந்து இருக்கும் பழக்கம். அந்த மாதம் முழுக்கத் தொலைக்காட்சியிலும் அடுக்ககத்தின் மின்தூக்கிப் பலகையிலும் "ஒரியொவுன் இஉத்" என்ற தொடர் வந்துகொண்டே இருக்கும். "இஉத்" என்றால் அக்கம்பக்கத்தார். "கஷ்டமான பக்கத்து வீட்டுக்காரர்" என்று படித்தால் சண்டைக்காரர் என்று தோன்றும். உண்மையில் கஷ்டப்படுகிற குடும்பம், கையில் காசில்லாதவர்கள். "கஷ்டப்பட்ட குடும்பம்" என்று நாம் சொல்வதும் அதே பொருளில்தானே. இந்தத் தொடரைப் பார்த்தபோது கொரிய மொழி மீது எனக்கு இன்னும் பிரியம் கூடிப்போனது. ஏழை என்று ஒருவர் மேல் முத்திரை குத்தாமல், அவருடைய காலம் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர் சொன்னதை நான் வீட்டுப் பக்கமே பயன்படுத்திவிட்டேன். பள்ளித் தாய்மார்கள் சனிக்கிழமை மலையேறப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். "தோயோஇருன் ஜோம் ஒரியொவுல் கொத் காதாயோ" என்றேன். "ஆ, குரேயோ? தாஉமே காயோ" என்று சிரித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டார் அந்த அம்மா. அப்படியா, அடுத்த முறை போகலாம் என்று அர்த்தம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று நான் முந்தின இரவே தயார் செய்து வைத்திருந்த நீள வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.