ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக் போடலாமா, டிரம்மே போதுமா?

தேவகோட்டை ஹெரால்டு:
1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், எங்கள் ஐயா மெட்ராஸில் வாங்கியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்துகிற பழைய முறை. போன ஐப்பசி மழையில் காரைக்குடியிலிருந்து திரும்பும்போது தேவகோட்டை ரஸ்தா ஊரைத் தாண்டி ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் இறங்கி ஏறின மறு நிமிடம் குறுக்கே ஆடு. மிதித்தேன், முதலில் ஒன்றுமே பிடிக்கவில்லை, அப்புறம் வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மைல்கல்லை உரசித்தான் நின்றது. பின்சீட்டில் அப்பத்தா இருந்தார்கள். தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டியில்தான் போவோம். அத்தனை கால்களுக்கு நடுவே இந்த பிரேக்கை நம்பி ஓட்ட மாட்டேன். ஒரு பட்டறையில் மாருதி 800 டிஸ்க்கை பிராக்கெட் வெல்டு வைத்து மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாம்தானே?

பள்ளத்தூர் கொட்டகை:
வேண்டாம் அண்ணே. பிரேக் மிதிக்கும்போது சக்கரத்தின் முறுக்கு முழுவதும் அந்த பிராக்கெட்டில்தான் வந்து விழும், அது வெல்டில் நிற்கிறது என்றால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதோடு இடது பக்கம் இழுத்தது என்றால் வலது பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அது டிரம்மின் குணம் இல்லை, ரிப்பேர். வலது டிரம்மைக் கழற்றிப் பாருங்கள், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிந்து, ஷூ மேல் ஒட்டியிருக்கிற லைனிங்கில் பிரேக் எண்ணெய் இருக்கும். என் ஃபியட்டில் இதேதான் இருந்தது. டிரம்மை லேத்தில் கடைந்து, புது லைனிங் போட்டு, பின்தட்டில் இருக்கிற, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டரை ஒழுங்காகத் திருகி வைத்தேன், இப்போது நேராக நிற்கிறது. டிரம் சூடேறி விரிந்து பெடல் கீழே இறங்குவதெல்லாம் கொடைக்கானல் இறக்கத்தில் நடக்கும், திருமயம் ரோட்டில் நடக்காது. தண்ணீரைத் தாண்டினால் மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக அழுத்திப் பிடித்தால் காய்ந்துவிடும்.

ஸ்பேனர் 14:
வெல்டு கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய வைக்கிற வரை ஆடு காத்திருக்காது அண்ணே. டிஸ்க் என்பது இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கிற தட்டு, திறந்தே இருப்பதால் தண்ணீர் சிதறிவிடும், மிச்சத்தை பேட் துடைத்துவிடும். டிஸ்க் போடுவது அந்த வண்டிக்குப் புதுசும் இல்லை. ஹெரால்டு சேஸி வழியில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு 1962லேயே கம்பெனி முன் டிஸ்க் கொடுத்தது. அந்த வெர்டிகல் லிங்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டு), ஹப், டிஸ்க், பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை செட்டாக எடுத்து மாட்டினால் வெல்டே வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். டிரம்மில் முன் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதனால் பெடல் கெட்டியாக இருக்கும். சுமார் 800 கிலோ வண்டி, மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற சர்வோ இல்லாமலே சமாளிக்கலாம். ஆனால் பெடலை மிதித்ததும் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் அளவைப் பொருத்தம் பார்க்காமல் விட்டால் சரிவராது. டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தம் தேக்கி வைக்கிற வால்வு இருந்தால் அதையும் டிஸ்க் பக்கம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட் உரசிக்கொண்டே கிடந்து சுட்டுவிடும். பின் டிரம்முக்கு அழுத்தம் அதிகமாகி அது முதலில் பூட்டிக்கொண்டால் ஈர ரோட்டில் வண்டி சுற்றிவிடும்.

புதுக்கோட்டை வக்கீல்:
2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிந்து விஏ வரிசை எண் வாங்கலாம். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது.

பள்ளத்தூர் கொட்டகை:
பார்த்தீர்களா, அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மெட்ராஸில் டிரம்மோடு வந்த வண்டிக்கு டிரம்தான் அசல்.

புதுக்கோட்டை வக்கீல்:
பிரேக்கைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் விண்டேஜாகப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. ரெகுலராக ஓட்டுகிறவருக்கு அந்த எண் எதற்கு?

ஸ்பேனர் 14:
இரண்டு பேரும் பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் டிஸ்க்கோ டிரம்மோ, நாலு சக்கரமும் போச்சு, ஹேண்ட் பிரேக்தான் மிச்சம். முதலில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், டிஸ்க் அப்புறம்.

தேவகோட்டை ஹெரால்டு:
இன்று காலை வலது டிரம்மைக் கழற்றினேன். உள்ளே கறுப்புச் சேறு, லைனிங் நனைந்து பளபளவென்று இருக்கிறது, வீல் சிலிண்டர் ரப்பரை நகத்தால் தொட்டதும் பிய்ந்து வந்தது. பள்ளத்தூர் அண்ணே சொன்னதேதான். தைப்பூசத்துக்குள் எல்லா வீல் சிலிண்டரும், லைனிங்கும், ஹோஸும், டேண்டமும் முடிக்கிறேன். ஆனால் டிஸ்க்கை விடப் போவதில்லை, ஸ்பிட்ஃபயர் செட் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளத்தூர் கொட்டகை:
நேராக நிற்கிற டிரம்மை ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அதற்கு முன்னால் காசைப் போடாதீர்கள் அண்ணே. மீறிப் போட்டாலும் பழைய டிரம் செட்டை எடைக்குப் போட்டுவிடாமல் எண்ணெய் தடவி பரணில் வையுங்கள்.

தேவகோட்டை ஹெரால்டு:
எடைக்கெல்லாம் போட மாட்டேன், ஐயா வண்டி. ஸ்பேனர் தம்பி, பழைய மாஸ்டர் சிலிண்டர் இருக்கிற பிராக்கெட்டிலேயே டேண்டம் உட்காருமா, இல்லை பெடல் ராடையும் மாற்ற வேண்டுமா?