யாக்குஷிமாவில் ஒரு மழை நாள் – போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

போன ஜூனில் நானும் மனைவியும் யாக்குஷிமா போய் வந்தோம். ஜூனில் அங்கே போகாதே என்று அலுவலகத்தில் சொல்லாத ஆள் இல்லை. ஜப்பானின் பெரும்பகுதிக்கு அது மழைக்காலம்; அதிலும் இந்தத் தீவில் மாதத்துக்கு 35 நாள் மழை பெய்யும் என்று ஜப்பானியர்களே கேலி பேசுவார்கள். கடலோரத்தில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டர், மலைமேல் 8,000, 10,000 என்று போகிறது. சென்னைக்கு 1,400 சொச்சம்தான். ஜப்பானின் தெற்கில் இருக்கும் பெரிய தீவான கியூஷூவுக்கும் தெற்கே ஒரு வட்டமான தீவு, அதன் நடுவில் 1,936 மீட்டர் உயர மலை. எந்தத் திசையிலிருந்து ஈரக்காற்று வந்தாலும் அதில் முட்டி, மேலேறி, குளிர்ந்து கொட்டிவிடுகிறது.

கியூஷூவின் தென்கோடி நகரமான காகோஷிமாவிலிருந்து அதிவேகப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முந்தின நாள் மாலை தீவின் துறைமுக ஊரான மியானோஉராவில் இறங்கினோம், மறுநாள் விட்டு அடுத்த காலை திரும்ப வேண்டும். ஆக, கையில் இருந்தது ஒரே பகல்.

ஒரே பகல்தான் என்றால், என்னைக் கேட்டால், ஜோமோன் சுகியை விட்டுவிடுங்கள். சுகி என்பது ஜப்பானின் ஊசியிலை மரம்; எல்லோரும் அந்த ஒரு மரத்துக்காகத்தான் போகிறார்கள், தெரியும். சுற்றளவு 16 மீட்டருக்கு மேல். வயது 2,000 என்பார்கள், 7,000 என்பார்களும் உண்டு. ஆனால் போகவர 22 கிலோமீட்டர் நடை, பத்து மணி நேரம், அதில் பாதிக்கும் மேல் பழைய டிராலித் தண்டவாளத்தின் மேலேயே. அதைப் பார்த்து இறங்கினால் நாள் முடிந்தது, கடலைப் படகிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு முதலில் ஷிராதானி பள்ளத்தாக்குக்கு ஏறினோம். குடை சுத்த வேஸ்ட். ஊரிலேயே ரெயின்கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கின்றன, அதை எடுங்கள். நுழைவாயிலில் இருந்தவர், ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, சின்னச் சுற்றோடு திரும்பிவிடுங்கள் என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான். உள்ளே போனபின் அது மறந்துவிட்டது. பாறை, வேர், விழுந்த மரம் எல்லாவற்றின் மேலும் பாசி. தீவு முழுக்க 600 வகைப் பாசி இருக்கிறதாம். மழையில் அந்தப் பச்சை உப்பிக்கொண்டு நிற்கிறது, கை வைத்தால் ஈர ஸ்பாஞ்ச்.

என்னை நிறுத்தி வைத்தவை மரங்களைவிட அடிக்கட்டைகள்தான். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) கூரைப் பலகைக்காக இந்தச் சுகி மரங்களை வெட்டி, அந்தப் பலகையையே வரியாகக் கட்டியிருக்கிறார்கள். அடிப்பாகம் கோணல்மாணலாக இருந்தால் பலகைக்கு ஆகாது என்று ஆளுயரத்துக்கு மேல் மேடை போட்டு வெட்டினார்கள். அப்படி விட்டுப்போன கட்டை 300 வருட மழைக்கு அப்புறமும் மக்கவில்லை. சத்தில்லாத கருங்கல் பூமியில் மெதுவாக வளர்வதால் மரம் இறுகிப்போய், பிசின் நிறைந்து நிற்கிறது. அந்தக் கட்டையின் தலையில் இன்னொரு சுகி முளைத்து அதுவும் பெரிய மரமாகியிருக்கிறது. அங்கே ஆயிரம் வயதைத் தாண்டினால்தான் யாக்குசுகி என்ற பட்டம், அதற்குக் கீழே எல்லாம் ‘சின்ன சுகி’. எழுநூறு வயதுச் சின்னப் பையன்!

அங்கிருந்து இறங்கி மேற்கே நாகாதா. இனாகாஹாமா கடற்கரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், நம் மெரினா மணல் போல இல்லை, பருமனான பழுப்பு மணல். பெருந்தலை ஆமைகள் மே முதல் ஜூலை வரை ராத்திரியில் முட்டையிட வரும் இடம். நாங்கள் போனபோது மதியம், ஆமை ஏது? ஆனால் டிராக்டர் ஏறி இறங்கியது போலத் தடம் இருந்தது, மழையில் பாதி கரைந்து. பெசன்ட் நகரில் பங்குனி ஆமைக்காக விடிய விடிய நடந்தவள் என் மனைவி. தடத்தைப் பார்த்ததும், “இது இறங்கிப் போன தடம், ஏறின தடம் அங்கே” என்று மழையில் நின்று பாடம் நடத்தினாள். எதிரே கடலில் குச்சினோஎராபு தீவு மங்கலாகத் தெரிந்தது. 2015இல் எரிமலை வெடித்தபோது அங்கிருந்த எல்லோரையும் யாக்குஷிமாவுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் மேற்குக் காட்டுச் சாலை. இருபது கிலோமீட்டர், பல இடங்களில் ஒரு கார் மட்டும் போகும் அகலம், ராத்திரியில் மூடிவிடுவார்கள். மலைக்காடு அப்படியே கடல்வரை இறங்குகிற இடம் இது. ஒரு வளைவில் திரும்பினால் நடுரோட்டில் பதினைந்து குரங்குகள், ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு. எதிரே இன்னொரு கார், அதுவும் நிற்கிறது. ஹாரன் அடிக்க யாருக்கும் மனசில்லை. மேலே மரத்திலிருந்து இன்னொரு குரங்கு இலையும் பழமும் சிந்த, கீழே ஆட்டுக்குட்டி உயரத்தில் இரண்டு மான்கள் பொறுக்கித் தின்றன. வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்து ஒரு கிழக்குரங்கு எழுந்து சோம்பல் முறித்துப் போனது, மற்றவை பின்னாலேயே போயின. தயவுசெய்து எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள்.

ஓகோ அருவியையும் (88 மீட்டர், தடாகம் வரை நடக்கலாம்) பார்த்துவிட்டு இருட்டும்போது ஊர் சேர்ந்தோம். இரவு கோலா மீனை இறக்கையோடு முழுசாகப் பொரித்துத் தந்தார்கள். உங்களுக்கு என்னென்ன நடந்தது?

* * *

ஜோமோன் சுகியை விடச் சொன்னதை ஒப்ப மாட்டேன். நான் நவம்பரில் போனேன், அதிகாலை பஸ்ஸில் ஏறி, தலைவிளக்கோடு தண்டவாளத்தில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வழியில் வில்சன் கட்டை என்று உள்ளே பொந்தான ஒரு பெரிய அடிக்கட்டை இருக்கிறது. உள்ளே நுழைந்து ஒரு மூலையில் நின்று மேலே பார்த்தால் வானம் இதய வடிவில் தெரியும். என்ன, பெரிய மரத்தைக் கிட்டப் போய்த் தொட முடியாது, மேடையிலிருந்துதான் பார்க்கணும். முட்டி வலி நாலு நாள்.

* * *

ஹிராஉச்சி கடல் வெந்நீர் ஊற்றுக்கு யாரும் போகலையா? நாங்கள் விசாரிக்காமல் போய், பாறையில் அலை அடிப்பதைப் பார்த்து முழித்தோம். அங்கே உட்கார்ந்திருந்த பாட்டியிடம் ஊற்று எங்கே என்று கேட்டேன். கடலைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கடலையே காட்டி, கடிகாரத்தைத் தட்டினார். நாளுக்கு இரண்டு தடவை, தண்ணீர் வற்றும்போதுதான் அது வெளியே தெரியுமாம். சாயங்காலம் திரும்பிப் போனால் பாட்டி உள்ளே கழுத்தளவு தண்ணீரில், தலையில் துண்டோடு. ஆண் பெண் எல்லோரும் ஒன்றாக, நீச்சலுடைகூட இல்லாமல் குளிக்கும் இடம் என்பதால் எனக்குத் தைரியம் வரவில்லை. கரையில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டேன். மேலே சில்லென்று மழை, கீழே சூடு. பாட்டி என் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.